உங்களுக்குத் தெரியுமா? ஸ்திரீபார்ட் கட்டியவர்கள்

காரமடையில் நான் படித்தது பெண்கள் பள்ளிக்கூடம். ஒன்பதாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்திலிருந்து நீதிமன்றக் காட்சியை மட்டும் போட்டோம். எனக்கு பஸானியோ வேஷம். அப்புச்சியின் எட்டு முழ வேட்டியை அமுச்சி நாலு இடத்தில் ஊக்குக் குத்திக் கட்டிவிட்டார். தீக்குச்சியில் கண்மையைத் தொட்டு மீசை வரைந்தார். பிறகு முகவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல ஆம்பளையாளுகதான் சாமி சேலை கட்டீட்டு வருவாங்க. பொம்பளப் புள்ள மீசை வெச்சு இப்பத்தான் பாக்கறேன்."

அமுச்சி சொன்னது எங்கள் ஊர் நோம்பி நாடகத்தை. ஷேக்ஸ்பியரின் லண்டனிலும் அதே கதைதான் என்பது எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று. மேடையில் பெண்ணை யார் எழுதினார்கள், யார் நடித்தார்கள், அவளை என்ன பேசவைத்தார்கள் என்று அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்ததில் கிடைத்தவை இவை. லண்டனும் வரும், கொடுமுடியும் வரும்.

பையன், பெண், மறுபடியும் பையன்

நாங்கள் போட்ட காட்சியில் போர்ஷியா ஆண் வக்கீல் உடுப்பில் வந்து வழக்கை வெல்வாள். 1590களில் அந்த நாடகம் முதலில் மேடையேறியபோது போர்ஷியாவாக நடித்தது ஒரு பையன். பையன் பெண் வேஷம் கட்டி, அந்தப் பெண் ஆண் வேஷம் கட்டி நின்றாள். ரோசலிண்ட், வயோலா, இமோஜன், ஜூலியா என்று ஷேக்ஸ்பியரின் பெண்கள் பலர் கதையில் ஒரு கட்டத்துக்கு மேல் கால்சட்டைக்கு மாறிவிடுகிறார்கள். பையன்கள் இயல்பாக நடமாட அது வசதி என்பது ஒரு காரணம்.

நான் கவனித்தது வேறு. அந்தப் பெண்கள் தங்கள் முழு அறிவோடு பேசுவது பெரும்பாலும் அந்த ஆண் உடுப்பில்தான். தன் சொந்த உடையில் இருக்கும்வரை போர்ஷியாவின் கல்யாணத்தை முடிவு செய்வது, செத்துப்போன அப்பா விட்டுச்சென்ற மூன்று பெட்டிகள். பஸானியோ சரியான பெட்டியைத் திறந்ததும் வீடு, வேலைக்காரர்கள், சொத்து எல்லாவற்றையும் தன் வாயாலேயே அவனுக்கு ஒப்படைத்துவிடுகிறாள். அன்றைய இங்கிலாந்துச் சட்டமும் அதுதான். மணமான பெண் தன் பெயரில் சொத்தை முழுதாக வைத்துக்கொள்ள அங்கே 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்ற சட்டத் திருத்தம் 1989-ல் வந்தது. தோட்டம் துரவு உள்ள எங்கள் பக்கத்து வீடுகளில் அந்த வருஷத்தை இன்றும் சொல்லிப் பேசுவார்கள்.

மாதவிக்கு 1008 கழஞ்சு

லண்டனில் பெண்ணுக்கு மேடை மறுக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு மேடை கட்டுகிறார்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்துநான்கு பெருவிரல் அளவு. ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். சோழ மன்னன் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் கொடுத்தான். பின்னாளில் குறவஞ்சி நாடகங்களையும் கோயில் நாட்டியப் பெண்களே ஆடினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி அப்படித்தான் ஆடப்பட்டது. ஊர் ஊராகச் சுற்றி, மலைவளம் சொல்லி, குறி சொல்லிச் சம்பாதிக்கும் குறத்திதான் அதில் உயிரான பாத்திரம்.

பெண் மேடையேறுவது நமக்குப் புதிதே அல்ல. இடையில் நாம்தான் மறந்தோம்.

ஆப்பிள் எறிந்தார்கள்

1629-ல் பிரான்சிலிருந்து வந்த ஒரு நாடகக் குழு லண்டனில் பெண்களை மேடையேற்றியது. பார்க்க வந்தவர்கள் கூச்சலிட்டு, ஆப்பிளை வீசி விரட்டினார்கள். 1642-ல் நாடாளுமன்றம் அரங்குகளையே மூடியது. அவை மறுபடி திறந்த 1660-ஆம் வருஷம், டிசம்பர் 8 அன்று, 'ஒத்தெல்லோ'வில் டெஸ்டிமோனாவாக ஒரு பெண் வந்து நின்றார். இன்று நீங்கள் பார்க்கப்போவது நிஜமான பெண் என்று நாடகத்துக்கு முன்னால் செய்யுளாக ஒரு அறிவிப்பும் உண்டு. அந்த நடிகை மார்கரெட் ஹியூஸ் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. இரண்டு வருஷம் கழித்து, பெண் வேஷத்தைப் பெண்களே ஏற்கலாம் என்று இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆணையே வந்தது.

அதாவது ஜூலியட், ஒஃபீலியா, கிளியோபாட்ரா, லேடி மேக்பெத் ஆகிய எந்தப் பாத்திரத்தையும் ஒரு பெண் நடித்து ஷேக்ஸ்பியர் பார்த்ததே இல்லை.

ராணிக்கு இன்னும் சவரம் ஆகவில்லை

அந்த மாறுதல் காலத்தில் எட்வர்ட் கைனஸ்டன் என்ற இளைஞர் பெண் வேஷத்தில் பேர்போனவர். ஒருநாள் மன்னர் வந்து உட்கார்ந்தும் நாடகம் தொடங்கவில்லை. ஏன் தாமதம் என்று ஆள் அனுப்பிக் கேட்டபோது, ராணிக்கு இன்னும் சவரம் முடியவில்லை என்று பதில் வந்ததாம். நடிகர் கோலி சிபர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

மகரக்கட்டு

நம் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் பயந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான். பன்னிரண்டு பதிமூன்று வயதில் குரல் உடைவது மகரக்கட்டு. நேற்று வரை சீதையாக, சந்திரமதியாக, வள்ளியாகப் பாடிய பையன் மறுநாள் வாய் திறந்தால் இரண்டு குரல் வரும். அத்தோடு அவனுடைய ஸ்திரீபார்ட் போயிற்று. வேறு வேஷம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் திரை இழுக்க வேண்டும், பெட்டி தூக்க வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே ஒரு சபை அமைத்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது அதில்தான். சிவாஜி கணேசனும் சிறுவயதில் எதார்த்தம் பொன்னுசாமி பிள்ளை கம்பெனியில் சீதையாக வந்தவர். அதே சிவாஜி 1963-ல் 'ரத்தத் திலகம்' படத்தில் ஒத்தெல்லோ காட்சியில் நடித்தார். எதிரே டெஸ்டிமோனாவாக சாவித்திரி.

இந்தக் கவலை லண்டனிலும் இருந்தது. 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒரு நாடகக் கோஷ்டி அரண்மனைக்கு வரும். பெண் வேஷம் கட்டும் பையன் வளர்ந்துவிட்டதைப் பார்த்து, இவன் குரல் உடைந்துபோயிருக்கக் கூடாதே என்று ஹாம்லெட் சொல்வான். மகரக்கட்டு என்ற சொல்தான் அவனுக்குத் தெரியாது.

பெயரே அபலை

1891 ஜூலையில் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கியது. பம்மல் சம்பந்த முதலியார் அதன் உயிர்நாடி. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்ததால் நாடகக்காரன் என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை வந்தது. பம்மல் ஷேக்ஸ்பியரைத் தமிழ் ஊர், தமிழ்ப் பெயரோடு மாற்றி எழுதினார். 'ஹாம்லெட்' 'அமலாதித்யன்' ஆயிற்று. 'வெனிஸ் வணிகன்' 'வாணீபுர வணிகன்' ஆயிற்று. ஒலியையும் பொருளையும் சேர்த்துப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். ஒஃபீலியாவுக்கு அவர் வைத்த பெயர் அபலை.

இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்பா பேசாதே என்றால் பேசாமல், அண்ணன் பழகாதே என்றால் பழகாமல், காதலன் போ என்றால் போய், கடைசியில் புத்தி கலங்கிய பிறகுதான் அந்தப் பெண் தன் விருப்பத்துக்குப் பாடுகிறாள். அவள் கதை முழுவதும் அந்த மூன்றெழுத்தில் அடங்கிவிட்டது.

சபையில் பெண் வேஷங்களும் ஆண்களுக்கே. பம்மல் கதாநாயகனாக வந்தபோது ஜோடியாக வந்தவர் அவருடைய நண்பர் ரங்கவடிவேலு. 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அவரைப் பற்றி பம்மல் எழுதும் இடங்களில் எல்லாம் அன்பு ததும்பும்.

ஹாம்லெட்டுக்குக் கிடைக்காத தாய்

பம்மலின் 'மனோகரா'வை ஹாம்லெட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கொலையுண்ட அப்பாவின் ஆவி வந்து பழிவாங்கச் சொல்கிறது. அம்மா கெர்ட்ரூடுக்கு என்ன தெரியும், அவள் மனதில் என்ன இருக்கிறது என்று நாடகம் முழுதாகச் சொல்லவே இல்லை. இங்கே அப்பா வசந்தசேனையின் மயக்கத்தில் கிடக்கிறார். மகன் வாளை உருவும்போதெல்லாம் தாய் பத்மாவதியின் ஒரு சொல் அவனைக் கட்டிப்போடுகிறது. கடைசியில் கட்டை அவிழ்ப்பதும் அவள் சொல்தான். 1954-ல் படமானபோது கண்ணாம்பா அந்தத் தாயாக வந்தார். அமுச்சி அந்தப் படத்தைப் பார்த்ததைச் சொல்லும்போது சிவாஜியைப் பற்றிப் பேசவே மாட்டார். கண்ணாம்பாவின் கண்ணைப் பற்றித்தான் பேசுவார்.

பாதகத்தி ஒருத்தியாக, உத்தமி இன்னொருத்தியாக ஒரே நாடகத்தில் இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்தும் வழக்கம் அங்கிருந்து நம் சினிமாவுக்கும் வந்து நெடுங்காலம் நிலைத்தது. அது எனக்கு உவப்பானது இல்லை.

மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தவர்

லேடி மேக்பெத்துக்கு நாடகத்தில் சொந்தப் பெயர் கிடையாது. இன்னாருடைய மனைவி என்பதோடு சரி. வரலாற்றில் ஸ்காட்லாந்து மன்னன் மேக்பெத்தின் மனைவி பெயர் குரூவாக்.

தூக்கத்தில் நடந்துவரும் காட்சியில் அவள் கையில் ஒரு மெழுகுவர்த்தி இருக்கும். நடிகைகள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடிப்பது வழக்கம். 1785 பிப்ரவரி 2-ஆம் தேதி, சாரா சிடன்ஸ் லண்டனில் முதல்முறையாக, டுரூரி லேன் அரங்கில், அந்த வேஷத்தில் வந்தார். கையில் உள்ள ரத்தக்கறையைக் கழுவுவதாக நடிக்க இரண்டு கையும் வேண்டுமே, வர்த்தியைக் கீழே வைத்தால் என்ன என்று அவருக்குப் பட்டது. அரங்க நிர்வாகி ஷெரிடன், திரை தூக்கும் நேரத்தில் ஒப்பனை அறைக்கே வந்து மன்றாடினார்: யாரும் செய்ததில்லை, ஜனங்கள் ஏற்கமாட்டார்கள். சிடன்ஸ் வர்த்தியை வைத்துவிட்டு, ஊற்றிக் கழுவுவதுபோல் இரண்டு கையையும் தேய்த்தார். பார்த்தவர்கள் காலம் பூராவும் மறக்கவில்லை. ஒரு பையன் நடிப்பதற்காக ஆண் எழுதிய பாத்திரத்தை, நூற்றெண்பது வருஷம் கழித்து ஒரு பெண் தன் கையால் திருத்திய கணம் அது. நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கும் கணம்.

அடக்கிய கதை, அடங்கிய கதை

அடங்காத பெண்ணை அடக்கும் நாடகம் என்றால் ஷேக்ஸ்பியரின் கேத்தரீன் கதைதான் நினைவுக்கு வரும். புருஷன் பெட்ரூக்கியோ சோறு போடாமல், தூங்கவிடாமல் அவளை வழிக்குக் கொண்டுவருகிறான். ஏறத்தாழ 1611-ல் ஜான் ஃப்ளெச்சர் இதற்கு ஒரு பதில் நாடகம் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. கேத்தரீன் இறந்துவிட, பெட்ரூக்கியோ மரியா என்ற பெண்ணைக் கட்டுகிறான். முதலிரவன்றே மரியா மாடியறையில் பூட்டிக்கொள்கிறாள். ஊர்ப் பெண்கள் அவளுக்குத் துணையாக வந்து சேர்கிறார்கள். கடைசியில் அடங்கியது பெட்ரூக்கியோ. 1633 நவம்பரில் முதலாம் சார்லஸ் மன்னர் முன்னிலையில் இரண்டும் இரண்டு நாள் இடைவெளியில் நடந்தன. முதலாவது பிடித்திருந்தது, இரண்டாவது மிகவும் பிடித்திருந்தது என்று அரசவைக் குறிப்பு சொல்கிறது.

நம் மேடையில் இதற்கு இணை அல்லி அரசாணி. மதுரையைத் தனியாக ஆண்டவள், ஆண் வாடையே ஆகாதவள். அர்ச்சுனன் பாம்பாக உள்ளே புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். இதைக் கேட்டுச் சிரித்து மகிழ்ந்த கூட்டத்தில் நானும் சின்ன வயதில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கேட்டால் நெஞ்சு கனக்கிறது. அவ்வளவு பெரிய அரசியை விழித்திருக்கும்போது வெல்ல ஒரு வழியும் கதை கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

கேத்தரீன் கதை 1963-ல் தமிழில் 'அறிவாளி' படமாக வந்தது. சிவாஜி, பானுமதி. தங்கவேலுவும் முத்துலட்சுமியும் பூரி சுடும் காட்சி அந்தப் படத்தில்தான்.

சாகாத கார்டீலியா

லியர் மன்னனின் கடைசி மகள் கார்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அந்த முடிவைத் தாங்காமல் 1681-ல் நாஹம் டேட் என்பவர் அவளை உயிரோடு விட்டு, கல்யாணமும் செய்துவைத்து எழுதினார். லண்டன் மேடையில் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் அந்த முடிவுதான் ஓடியது. கார்டீலியா தன் சாவைத் திரும்பப் பெற்றது 1838-ல்.

பதினான்கு நிறையாத ஜூலியட்

ஜூலியட்டுக்கு 14 வயது நிறைய இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போது கதை தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 14 என்று வைத்த சாரதா சட்டம் 1929-ல் வந்தது. அதற்கு முன்பே, சிறுமியாக இருக்கும்போது மணம் முடித்துக் கைவிடப்பட்ட ஒரு பெண் பிழைப்புக்காக நாடக மேடை ஏறினார். அவர்தான் டி.பி. ராஜலட்சுமி. 1931-ல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' நாயகி. 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார்.

எழுதியவள்

நாடகம் எழுதிப் பிழைத்த முதல் ஆங்கிலப் பெண் ஆஃப்ரா பென். 1677-ல் அவருடைய 'நாடோடி' மேடையேறியது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கிறார்.

நம்மில் வை.மு. கோதைநாயகி அம்மாளின் முதல் படைப்பு நாவல் அன்று. 'இந்திர மோஹனா' என்ற நாடகம். அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். இரண்டு பெண்கள் அடுப்பு வேலைக்கு நடுவே உட்கார்ந்து ஒரு நாடகத்தைச் சொல்லியும் எழுதியும் முடித்ததை நான் மனதில் அடிக்கடி வரைந்து பார்ப்பேன்.

சிங்காநல்லூரில் வயோலா

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' கதை 1949-ல் 'கன்னியின் காதலி' என்ற படமாயிற்று. எடுத்தது ஜூபிடர் பிக்சர்ஸ், இடம் நம் கோவை. அண்ணன் தங்கை இரட்டையர் இருவராகவும் மாதுரி தேவியே நடித்தார். கண்ணதாசன் முதன்முதல் சினிமாப் பாட்டு எழுதியதும் இதே படத்துக்கு. சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்த சிங்காநல்லூர்ப் பக்கம் போகும்போதெல்லாம், கடலில் கப்பல் உடைந்து கரையேறிய வயோலா இங்கே வந்து சேர்ந்தாளே என்று எனக்குத் தோன்றும்.

அதே வருஷம் அதே ஜூபிடர் எடுத்த இன்னொரு படம் 'வேலைக்காரி'. அறிஞர் அண்ணாவின் நாடகம். பண்ணையார் வீட்டு வேலைக்காரப் பெண் அமிர்தத்தை அந்த வீட்டு மகனே விரும்புகிறான். தலைப்பிலேயே வேலைக்காரியை உட்காரவைத்ததுதான் அதில் புதிது. அண்ணாவைத் தென்னாட்டு பெர்னாட்ஷா என்று புகழ்ந்தவர் கல்கி.

அந்த ஷாவின் 'பிக்மேலியன்' லண்டனில் மேடையேறியது 1914-ல். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டிய அதே வருஷம். பூக்காரப் பெண் எலைசாவுக்கு உயர்குடிப் பேச்சைக் கற்றுத்தரும் பேராசிரியரை அவள் கல்யாணம் செய்யக்கூடாது என்பதில் ஷா பிடிவாதமாக இருந்தார். நடிகர்கள் கேட்கவில்லை. கடைசிக் காட்சியில் பேராசிரியர் பூச்செண்டை எறிந்து காதலைக் காட்டினார். ஷா கோபத்தோடு, அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு பூக்கடை வைத்தாள் என்று நீண்ட பின்னுரையே எழுதிச் சேர்த்தார். பின்னால் வந்த சினிமாக்காரர்களும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நான் ஷாவின் பக்கம்.

பாலாமணி கம்பெனி

கும்பகோணம் பாலாமணி அம்மாள் நடத்திய கம்பெனியில் எல்லாரும் பெண்கள். ராஜபார்ட்டும் அவர்களே. நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காக ரயில்வேக்காரர்கள் தனி ரயில் விட்டதாக நாடகத்தார் சொல்லி வந்தார்கள். கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது.

கொடுமுடிக் குரல்

1908-ல் காவிரிக் கரையில் கொடுமுடியில் பிறந்தவர் கே.பி. சுந்தராம்பாள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரலைக் கேட்டுத்தான் மேடைக்கு அழைத்துப் போனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. காரமடை ஸ்டேஷனில் மேட்டுப்பாளையம் ரயில் வந்து நிற்கும்போது, இந்த இரைச்சலைத் தாண்டி ஒரு குழந்தையின் குரல் கேட்டிருக்க வேண்டுமானால் அது எப்பேர்ப்பட்ட குரல் என்று நினைத்துக்கொள்வேன்.

இலங்கையில் நாடகம் ஆடப் போனபோது 1926-ல் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். மறுவருஷம் கல்யாணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்துவிட்டார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அத்தோடு அவர் மேடை வாழ்வு முடிந்திருக்க வேண்டும். அன்றைய நாடகத்தில் ஜோடி இல்லாத இளம்பெண்ணுக்கு வேஷம் ஏது? ஆனால் 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆணாகவே வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பண்ணை வேதியராக எதிரே நின்றவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். பிறகு மணிமேகலை, 1953-ல் ஔவையார், 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், அப்புறம் காரைக்கால் அம்மையார். ஒவ்வொரு வேஷமாக எண்ணிப் பாருங்கள். யாருக்கும் காதலி இல்லை, யாருக்கும் அடங்கிய மனைவி இல்லை. அறிவாலும் பக்தியாலும் குரலாலும் நிற்கும் பெண்கள். துக்கம் போட்ட கோட்டுக்கு உள்ளேயே நின்று, தமிழ் நடிப்பில் அதுவரை இல்லாத ஓர் இடத்தைக் கொடுமுடிக்காரி உண்டாக்கிவிட்டார்.

ஷேக்ஸ்பியரிடம் இதற்கு இணை தேடினால் கிடைப்பது ஒரு மௌனம். ஒரு நாடகத்தில் துறவு மடத்தில் சேரப் போகும் இசபெல்லா என்ற பெண் வருகிறாள். கடைசிக் காட்சியில் நாட்டின் அரசரே அவளை மணக்கக் கேட்கிறார். அவள் சரி என்றாளா மாட்டேன் என்றாளா? ஷேக்ஸ்பியர் அவளுக்கு ஒரு வரி பதிலும் எழுதவில்லை. நாடகம் அப்படியே முடிகிறது. ஒவ்வொரு நடிகையும் அந்த இடத்தில் தானாக ஒரு பதிலை நடித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

ஆண் ஔவை

சுந்தராம்பாள் ஆணாக நந்தனார் ஆனார். டி.கே. சண்முகமோ மேடையில் ஔவைக் கிழவியாக வந்து, ஔவை சண்முகம் என்றே பேர்பெற்றார். சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான்.

கேட்காமல் போன கனவு

சீசரின் மனைவி கல்பூர்னியா, புருஷனின் சிலையிலிருந்து ரத்தம் கொட்டுவதாகக் கனவு கண்டு, இன்று வெளியே போகாதீர்கள் என்கிறாள். சீசர் முதலில் கேட்கிறார். ஒரு ஆண் வந்து அதே கனவுக்கு நல்ல அர்த்தம் சொன்னதும் கிளம்பிவிடுகிறார்.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை கேட்டவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொன்னருக்கும் சங்கருக்கும் வரப்போவதைத் தங்கை முன்னமே கனவில் காண்கிறாள். அவர்களும் கேட்கவில்லை. ஆனால் கல்பூர்னியா அதற்குப் பிறகு மேடைக்கே வருவதில்லை. நம் தங்கை வருகிறாள். படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்க, தேடிக்கொண்டே போய் எழுப்புகிறாள். உடுக்கைப் பாட்டு அந்த இடத்துக்கு வந்தால் பாடுகிறவர் குரலை இறக்கிவிடுவார். உடுக்கை மட்டும் அடங்கி அதிரும். அமுச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். களத்தில் அருள் வந்து விழுந்து கிடக்கும் ஆம்பளைகளை, தங்கையாக நிற்கும் பெண் தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை அங்கே ஒரு குஞ்சு குழந்தைகூடச் சத்தம் போடாது.

வள்ளி பேச்சு

வாய்ச்சண்டையில் ஆணை மடக்கும் ஆங்கிலப் பெண் பாத்திரம் என்றால் ஷேக்ஸ்பியரின் பியாட்ரிஸ். எனக்கு அவளைவிட வள்ளி பெரியவள். தினைப்புனத்துப் பரண்மேல் நின்றுகொண்டு, நாரதர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பாட்டாலும் வசனத்தாலும் பதில் சொல்வாள். வள்ளி நாரதர் தர்க்கம் எழுதிவைத்த அளவோடு நிற்பதில்லை. நல்ல ஸ்திரீபார்ட் கிடைத்துவிட்டால் ஹார்மோனியக்காரர் வேர்த்து ஊற்ற வாசிக்க, விடியும்வரை போகும். அப்புச்சி அதற்காகவே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்காருவார்.

அதே வள்ளி கதையை எங்கள் பக்கத்தில் ஒயில் கும்மியாகவும் ஆடுவார்கள். கும்மி என்றதும் பெண்கள் ஆட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். வள்ளி ஒயில் கும்மி நெடுங்காலம் ஆண்கள் கையில் இருந்தது. வள்ளியின் கதையை, வள்ளியின் பேச்சை, ஆண்களே பாடி ஆண்களே அடியெடுத்து வைத்தார்கள். 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற பத்திரப்பன் எங்கள் மேட்டுப்பாளையம் வட்டாரத்துக்காரர். அப்போது அவருக்கு வயது 87. அந்த விருதுக்கு அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, ஆண்கள் ஆடிவந்த கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார் என்பது.

இப்போது நோம்பி வந்தால் மைதானத்தில் ஒரே நிறத்தில் சேலை கட்டிய பெண்கள் வட்டம் வட்டமாக நிற்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுத்தர வயதுக்காரர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். பாட்டுக்காரர் மைக்கில் எடுத்துக்கொடுக்க, சலங்கைக் கால் ஒன்றுபோல் விழுகிறது. போன மாசியில் காரமடைத் தேர் முடிந்த வாரம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஆட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பத்து வயது இருக்கும். சலங்கையின் வாரைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நீ யார் வேஷம் என்று கேட்டேன்.

"வேஷமெல்லாம் இல்லீங்க அத்தை," என்றாள். "நாந்தான் ஆடறேன்."